செம்பனைக்குள் மாடு பார்க்கப் போனோம்

மலேசியாவுக்கு வருகிறவர்கள் உயரமான கட்டடங்களைப் பார்ப்பார்கள், குகைக்கோயில் படியேறுவார்கள், படகில் தீவுக்குப் போவார்கள். நானும் என் கணவரும் மாடு பார்க்கப் போனோம். அதுவும் ஏறக்குறைய நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு, இரண்டு நாள் காரோட்டிக்கொண்டு.

மகளுக்கு வடக்கே சுங்கை பட்டாணியில் வேலை. அவள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தாராபுரத்திலிருந்து வந்திருந்தோம். வீடு ஒன்பதாவது மாடியில். ஐந்தாம் நாளே என் கணவர் சின்னச்சாமி மாடத்தில் நின்று கீழே குனிந்து பார்த்தபடி, "எத்தன பில்லு வீணாப் போகுது பாரு கோமதி" என்றார். சாலை ஓரத்துப் புல்லை ஒரு ஆள் இயந்திரத்தால் வெட்டிக் கறுப்புப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பைகள் குப்பை லாரியில் ஏறிப் போகும்வரை இவர் உள்ளே வரவில்லை.

நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடுகள் அவருடையவை. பதினோரு உருப்படி இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் தோலெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பும் அந்த நோய் வந்து ஏழு போய்விட்டன. ஏழையும் அவரே குழி வெட்டிப் புதைத்தார். மிச்சம் நாலையும் ஒரே வாரத்தில் விற்றார். அதற்குப் பிறகு கட்டுத்தறிப் பக்கம் போவதில்லை. ஊரில் யார் வீட்டு மாட்டையும் தொடுவதில்லை. ஆனால் கைப்பேசியில் மட்டும் உலகத்து மாடுகளையெல்லாம் பார்ப்பார்.

அப்படிப் பார்த்ததில் ஒருவர்தான் இந்திராணி. மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் நூறு மாட்டுக்கு மேல் மேய்க்கிற தமிழ்ப் பெண். மாடுகளைப் படம் பிடித்துப் போடுவார். ஒருநாள் என் கணவர் அதற்குக் கீழே, 'அந்தக் கன்றுக்குக் கயிறு இறுக்கம்' என்று எழுதினார். அரை மணியில் 'தளர்த்திட்டேன் அண்ணே' என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பழக்கம். மகள் தீவுக்குப் போகலாமா என்று கேட்டபோது, "அந்த அம்மிணி பண்ணைக்குப் போலாம்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தயக்கம்தான். மாட்டைப் பார்த்தால் ஆறுமா, இன்னும் கிளறிவிடுமா, யார் கண்டது?

காரோட்டியது நான். ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். இவருக்கு ஒரு கண்ணில் புரை. இங்கும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் மகள் தன் காரைத் தந்தாள். தந்துவிட்டு வாசலில் நின்று சாமி கும்பிட்டாள்.

முதல் நாள் முழுக்க எனக்கு ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் புரிந்தது. யாருமே ஹாரன் அடிக்கவில்லை. "இந்த ஊருக் காருக்கெல்லாம் ஹாரன் வெக்கமாட்டாங்களா?" என்று கேட்டார் இவர். நம் பழக்கத்தில் ஒரு லாரியைத் தாண்டும்போது நான் இரண்டு தடவை அடித்தேன். லாரிக்காரர் பயந்துபோய் ஓரங்கட்டி நிறுத்தி, டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடம் ஒன்றில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவுக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். மெலிசு, மொறுமொறுப்பு, தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண் தாழ்ந்த குரலில் கணவனிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினான். தேநீர் கொண்டுவந்த தமிழரிடம், "என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டேன். அவர் காது கொடுத்துவிட்டு, "'உன் அம்மா வீட்டுக்குப் போறப்ப மட்டும் உனக்குத் தூக்கம் வர்றதில்ல, என் அம்மா வீட்டுக்குப் போறப்ப கண்ணு சொக்குது'ன்னு சொல்றாங்கம்மா" என்றார். இவர் சட்டென்று ரொட்டியில் கவனமானார்.

இரவு வழியில் ஓர் ஊரில் தங்கிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சிம்பாங் அம்பாட் சேர்ந்துவிடலாம் என்பது திட்டம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பின்டயர் காற்றுப் போய்க் கார் நொண்டியது. இருபுறமும் செம்பனை. வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், உள்ளே போகப் போக இருட்டாக. தென்னை என்றால் ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று நிமிர்ந்திருக்கும். இவை அணிவகுப்பு மாதிரி நின்றன. மாற்று டயரை வெளியே எடுத்தோம். நட்டைக் கழற்ற எங்கள் இருவர் பலமும் போதவில்லை.

இந்திராணிக்குப் போன் செய்தேன். "அங்கியே நில்லுங்கக்கா, என் வீட்டுக்காரரு சுங்கை ஊடாங்லேருந்து வேலை முடிஞ்சு வந்துகிட்டு இருக்காரு, அந்த ரோட்டுக்குத் திருப்பி விடறேன்" என்றார். அரை மணியில் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. நீலச் சீருடையில் இறங்கியவர் சேகரன். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை. "வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா?" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு அழகான சொல் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் நட்டு நாலும் கழன்றுவிட்டன.

"நீங்களும் மாடு பாத்துக்குவீங்களா?" என்று இவர் கேட்டார்.

"ஐயோ, எனக்கு மாடுன்னா பயம்லா அண்ணே. கொதிக்கிற எண்ணெய்க் குழாய்கிட்ட நிப்பேன், மாட்டுகிட்ட நிக்க மாட்டேன். எல்லாம் வீட்டுக்காரம்மா டிப்பார்ட்மெண்டு."

அவர் எங்களை முதலில் அலோர் காஜாவுக்கு அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பட்டறை திறந்திருந்தது. டயருக்கு ஒட்டுப் போடும் நேரத்தில் எதிர்க்கடையில் செண்டோல் வாங்கித் தந்தார். தேங்காய்ப் பாலில் பச்சை நிறத்தில் சேமியா மாதிரி ஒன்று, மேலே பனிக்கட்டித் துருவல், அதன்மேல் கறுத்த பனைவெல்லப் பாகு. அந்த வெல்லத்துக்கு மலாக்கா பெயரையே வைத்திருக்கிறார்கள். இனிப்பைத் தொடாத என் கணவர் இரண்டாவது கிண்ணத்தை அவராகவே கேட்டார்.

பண்ணை என்றதும் நான் வேலி, கொட்டகை, வைக்கோற்போர் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண்சாலை. அது முடியும் இடத்தில் தகரக் கூரை வீடு. வீட்டுக்கு அப்பால் மறுபடியும் செம்பனை. இந்திராணி முழங்கால்வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் கணவரைப் பார்த்ததும், "கயிறு இறுக்கம்!" என்று கை நீட்டிச் சிரித்தார்.

"மாடுங்க எங்கீங்க?" என்றார் இவர்.

இந்திராணி பிக்கப்புக்குள் கைவிட்டு ஹாரனை மூன்று முறை நீட்டி அடித்தார். இரண்டு நாளில் நான் அடித்ததைத் தவிர முதன்முதலாக ஹாரன் சத்தம் கேட்டு நான் திடுக்கிட்டேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மரங்களுக்கு நடுவே வெள்ளையும் செம்மையும் சாம்பலுமாக அசைந்தது. எல்லாத் திசையிலிருந்தும் மாடுகள் வந்தன. தோட்டத்துப் புல்லை இவை மேய்ந்துவிடுவதால் களைக்கொல்லிச் செலவு குறைகிறதாம். அதனால் தோட்ட நிர்வாகம் உள்ளே விட்டிருக்கிறது. ஒரு தகர டப்பாவில் உப்பைப் போட்டு அவர் குலுக்க, அத்தனை தலைகளும் திரும்பின. என் கணவர் ஊரில் கூப்பிடுவதுபோல நாக்கைச் சுழற்றி ஒரு குரல் கொடுத்தார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம பாஷ அதுங்களுக்குத் தெரியல" என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கன்று வந்து அவர் முழங்கையை முகர்ந்தது. அவர் ஓரடி நகர்ந்துகொண்டார்.

கடைசியாக, மற்றவை உப்பை நக்கி முடித்தபிறகு, திமில் பெருத்த சாம்பல் நிறப் பசு ஒன்று நிதானமாக வந்தது. கூடவே நாலு நாள் கன்று. "இதான் டத்தின்" என்றார் இந்திராணி. பெரிய பட்டம் வாங்கியவரின் மனைவியை இந்த நாட்டில் டத்தின் என்பார்களாம். "எல்லாரும் வந்து காத்துகிட்டு இருக்கணும், அப்புறந்தான் இவங்க வருவாங்க."

மாலை ஆறரைக்கே இரவுச் சாப்பாடு. புளிப்பும் காரமுமாக ஒரு மீன் குழம்பு, சோறு, வெள்ளரிக்காய். பாதிச் சாப்பாட்டில் இவர் கேட்டுவிட்டார். "பால் கறக்கறது கொஞ்சந்தான்னீங்க. அப்ப இத்தன காளைக்கன்னும் எங்கீங்க போகுது?"

சேகரன் மனைவியைப் பார்த்தார். இந்திராணி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் பலி கொடுக்கறதுக்குக் கம்போங் கிராமத்து ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க அண்ணே. மறைக்க என்னா இருக்கு? எங்க வீட்ல யாரும் மாட்டுக்கறி தொட மாட்டோம். கெழட்டுப் பசுவ நான் விக்கவும் மாட்டேன். பாலும் இல்லாம கன்னும் இல்லாம பதினாலு நிக்குது, வந்து பாருங்க. ஆனா காளைங்கள வச்சுகிட்டு நான் என்னா செய்யறது?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"உங்க ஊர்லயும் சந்தைக்குப் போவுதுல்ல, காளைக்கன்னு? அங்கேருந்து அது எங்க போவுது?"

இவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் எங்களுக்குக் கொடுத்த அறைக்குள் வந்ததும், "காலைல கெளம்பிரலாமா புள்ள?" என்றார். இரண்டு நாள் ஓட்டி வந்த கை எனக்கு வலித்தது. ஆனாலும், "செரிங்க" என்றேன். விற்ற நாலு மாடும் எந்தச் சந்தைக்குப் போயின என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

திங்கள் காலை பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தேன். இந்திராணியிடம் வேலை செய்யும் ரஹ்மான் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்தார். வங்காளதேசத்துக்காரர். வந்து ஏழு வருடத்தில் மாடுகளோடும் இந்திராணியோடும் பேசிப் பேசித் தமிழ் கற்றவர். "அக்கா, டத்தின் லோங்கான்ல விழுந்துச்சு! எந்திரிக்க முடியல!"

லோங்கான் என்றால் வாய்க்கால். தோட்டத்து நீர் வடிவதற்கு ஆளுயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். பசு அதற்குள் ஒருக்களித்துக் கிடந்தது. கழுத்து மட்டும் மேலே. வயிறுவரை கறுப்புச் சேறு. கன்று கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் போராடியதோ, பசுவின் வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

ரஹ்மான் செம்பனைக் குலை ஏற்றும் சின்ன டிராக்டரைக் கொண்டுவந்தார். சேகரன் தூரத்தில் நின்றபடியே, "கொம்புல கட்டி ஒரே இழுப்பா இழுத்துடலாம்" என்றார். ரஹ்மான் கொம்பில் கயிற்றைச் சுற்றினார். இந்திராணி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தன் மாடு என்றால் யாருக்கும் யோசனை ஓடாது.

"நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். என் கணவர்தான். "கழுத்து முறிஞ்சு போயிரும். கயித்த அவுங்க!"

மகள் வாங்கிக்கொடுத்த புதுக் கால்சட்டையோடு சறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். இடுப்புவரை சேறு. நான், "ஏனுங்க, பாத்துங்க" என்று சொன்னது அவர் காதில் விழவில்லை. பசுவின் பின்னங்கால்களைச் சேற்றுக்குள் கைவிட்டு மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து அவர் கை ஒரு மாட்டின்மேல் பட்டது. அதை நினைக்கக்கூட அப்போது நேரமில்லை.

"எலும்பு உடையல. எடது காலு மட்டும் மரத்துக் கெடக்குது. இழுக்க வேண்டாமுங்க, அது நடந்து வர்ற மாதிரி வழி பண்ணிக் குடுப்போம். மம்பட்டி இருக்குதுங்களா?"

மண்வெட்டிகள் வந்தன. அவர் சொன்னபடி ரஹ்மானும் இந்திராணியும் கரையைச் சரிவாக வெட்டத் தொடங்கினார்கள். சேகரன் சற்று நேரம் பார்த்தார். பிறகு முருகா என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, பசுவின் தலைப்பக்கம் போகாமல் வால் பக்கமாக இறங்கித் தானும் வெட்டினார். வெட்டிய சரிவில் கால் வழுக்காமல் இருக்கச் செம்பனை மட்டைகளை முள்ளைச் சீவிவிட்டுக் குறுக்கே அடுக்கினோம். அந்த முள் சாதாரண முள்ளல்ல. என் உள்ளங்கையில் ஏறிய ஒன்றை இரண்டு வாரம் கழித்துத்தான் எடுக்க முடிந்தது.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. இந்த ஊர் மழைக்குத் தூறல் என்கிற முன்னுரையே கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பசு தலையைத் தொங்கப்போட்டது. மூக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான். இந்திராணி மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய் அதன் தாடையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார்.

"டத்தின், செத்துராதடி. உனக்கு என்னா வேணும்னாலும் செய்யறேன், செத்துராத" என்று அழுதார்.

கன்று கரை விளிம்புக்கு ஓடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. முப்பத்து நாலு வருடம் மாட்டுக்காரருக்கு மனைவியாக இருந்தும் நான் கன்றைக் கட்டிப் பிடித்ததில்லை. காலையில் எனக்கு பஸ் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. கன்றின் உடம்பு இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது. மழையில் நடுங்கிக்கொண்டே என் துப்பட்டாவை வாய்க்குள் இழுத்துச் சப்பியது.

ஒருவழியாகச் சரிவு தயாரானது. கயிற்றைக் கொம்பில் கட்டாமல், சாக்கு வைத்து முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கட்டினார் இவர். "டிராக்டர் இழுக்கக் கூடாது, சும்மா புடிச்சுக்கோணும். அது எந்திரிச்சா மட்டும் கூடவே வரோணும்" என்று ரஹ்மானிடம் சொன்னார். பிறகு பசுவின் முதுகைத் தட்டி நாக்கைச் சுழற்றிக் குரல் கொடுத்தார். அது அசையவில்லை. "அம்மிணி, உங்க உப்பு டப்பா!"

இந்திராணி கரைமேல் ஏறி டப்பாவைக் குலுக்கினார். பசுவின் காது திரும்பியது. நான் கன்றை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கன்று கத்தியது. பசு ஒரு பெருமூச்சு விட்டு முன்னங்காலை மட்டைமேல் ஊன்றியது. வழுக்கி விழுந்தது. மறுபடி ஊன்றியது. மூன்றாம் முறை சேகரனும் இவரும் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ள, கயிறு விறைக்க, ஒரே மூச்சில் கரைக்கு வந்து அப்படியே பக்கவாட்டில் சரிந்தது.

நாங்கள் கை தட்டினோம். இவர் தட்டவில்லை. "எந்திரிக்கோணும்" என்றார்.

அது எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவர் போனில் சில மருந்துகள் சொன்னார். காலைக்குள் எழாவிட்டால் கடினம் என்றும் சொன்னார். மலாக்கா வெல்லத்தைச் சுடுநீரில் கரைத்து, பாட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாக இந்திராணி புகட்டினார். மேலே தார்ப்பாய் கட்டினோம். இரண்டு மணிக்கொருமுறை இவரும் ரஹ்மானும் அதைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். இடது காலைச் சாக்கால் தேய்த்துக்கொண்டே இருந்தார் இவர். கிளம்புவது பற்றி அவர் பேசவில்லை. நான் காரிலிருந்து பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

மாலை மழை விட்டபின் நான் தேநீர் கொண்டுபோனேன். இந்திராணி பசுவின் ஒரு பக்கம், இவர் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லலீங்க" என்றார் இவர். "நாலு மாட்ட வித்தேன். வண்டில ஏத்துறப்பவே எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். கேட்டா அவன் சொல்லிருவான்னு, கேக்காம இருந்துக்கிட்டேன். நீங்க தெரிஞ்சே செய்யறீங்க, கேட்டா சொல்றீங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க அம்மிணி."

இந்திராணி பசுவின் கழுத்தைத் தடவினார். "தைரியம்லாம் இல்லண்ணே. லாரி வர்ற அன்னைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன். ரஹ்மான்தான் ஏத்தி விடுவான். நான் அலோர் காஜா பசாருக்குப் போயிடுவேன், சும்மா சுத்திட்டு வருவேன்" என்றார்.

இரண்டு பேரும் தேநீரைக் குடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எல்லோரும் போனோம். தார்ப்பாய்க்குக் கீழே யாரும் இல்லை. இந்திராணியின் முகம் வெளுத்துவிட்டது. ரஹ்மான்தான் கையைக் காட்டினார். ஐம்பதடி தள்ளி, செம்பனை மரத்தடியில், உடம்பெல்லாம் காய்ந்த சேற்றோடு டத்தின் நின்றுகொண்டிருந்தது. கன்று மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

என் கணவர் சிறு பிள்ளை மாதிரி நேராக அதனிடம் போனார். கை நீட்டி, "ஏ தாயி…" என்று தொடங்கினார். பசு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கன்றைப் பார்த்தது. மூக்கால் ஊதிவிட்டுத் தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது.

அறுபத்து மூன்று வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செம்பனையைச் சுற்றி ஒரு வட்டம், குலைகள் குவித்திருந்த இடத்தில் ஒரு தாண்டல், பிறகு பிக்கப்பின் பின்பக்கம் கால்சட்டை டர்ரென்று கிழிய ஒரே ஏறு. பசு வண்டியை ஒரு முட்டு முட்டிவிட்டு, நிதானமாகத் திரும்பிக் கன்றிடம் போனது.

"நன்றி கெட்டவ!" என்று இந்திராணி கத்தினார். பிறகு சிரிப்புத் தாங்காமல் ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இவர் வண்டிமேல் நின்றபடி மூச்சிரைக்கப் பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பிரகாசம்.

"பாத்தீங்களா அம்மிணி? திரும்பறப்ப எடது காலை நல்லா ஊணித் திரும்புச்சு."